பௌர்ணமியில் விற்காத நண்டு

பழவேற்காட்டில் நல்ல நண்டு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோட்டை வாசலில் நிற்கிற காவல்காரன் சொல்வான், கப்பலை விட்டு இன்றைக்குத்தான் இறங்கின மாலுமியும் சொல்வான். கோட்டைக்குப்பத்து மீன்காரர்களில் முதன்முதலாகச் சுண்ணாம்புச் சுவர் வைத்து வீடு கட்டினவன் நான். மூன்று படகு என்னுடையது. என் நைனா எனக்கு விட்டுப்போனது ஒரு படகில் பாதிப் பங்கு. மறு பாதி சித்தப்பாவுடையது. படகில் இருந்த ஓட்டை எங்கள் பாதியில் இருந்தது.

எனக்கு எழுத்து அதிகம் வராது. பெரிய வார்த்தைகளை இதில் தேட வேண்டாம். ஆனால் வியாபாரத்தைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாகக் கேட்டுக்கொள்ளலாம். கேட்டு நடந்தவன் எவனும் நஷ்டப்பட்டு என்னிடம் வந்து நின்றதில்லை.

கோட்டையில் இருக்கிற உலாந்தாக்காரர்கள் கடல் தாண்டி ஒல்லாந்து தேசத்திலிருந்து துணி வாங்க வந்தவர்கள். துணியைத் தின்ன முடியாது. ஆகவே விடிந்தால் கோட்டையின் பின்வாசலில், குசினி என்கிற சமையல்கட்டுப் பக்கம், மீன்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடையோடு உட்கார்ந்திருப்போம். குசினியை ஆண்டவள் நம் ஊர்ப் பெண்பிள்ளைதான். கழுத்தில் சிலுவை, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் வெற்றிலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எல்லோருக்கும் அவள் அக்கா. ஆனால் அக்கா என்று கூப்பிட்டதற்காக ஒருவனிடமும் அவள் சதை இல்லாத நண்டை வாங்கினதில்லை.

நண்டு வாங்குவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. நண்டைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்தில், கால் முளைக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். கல் மாதிரி நின்றால் உள்ளே சதை. விரல் அமுங்கினால் வெறும் தண்ணீர். நாங்களும் சும்மா இருப்போமா? கெட்டியான நண்டை மேலே அடுக்கி, அமுங்குகிற நண்டை அடியில் வைப்போம். இருபது நண்டை அழுத்துவதற்குள் யாருக்கும் விரல் வலிக்கும். இருபத்தொன்றாவதிலிருந்து நம் ராஜ்யம். மற்றவர்கள் செய்தார்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம். நானும் செய்தேன்.

நண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அமாவாசை நண்டு வேறு, பௌர்ணமி நண்டு வேறு. இருட்டு நாட்களில் சேற்று நண்டு துணிந்து வெளியே வந்து இரை தின்னும், ஓடு நிறையச் சதை பிடிக்கும். நிலா காய்கிற நாட்களில் வளையை விட்டு வராது, பட்டினி கிடந்து உள்ளுக்குள் வற்றிப்போகும். பௌர்ணமி நண்டு பார்வைக்கு அதே அளவுதான் இருக்கும். உடைத்தால்தான் தெரியும். பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற எவனுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே விற்போம்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அக்கா வாசலுக்கு வந்து எங்கள் கூடைகளின் முன்னால் நின்றாள். எதையும் தொடவில்லை.

"நேத்து வாங்கினதுல முக்காவாசி தண்ணி. துரையம்மா தட்ட அப்டியே திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. திட்டு வாங்கினது நானு. நீங்க எல்லாம் கூடைய காலி பண்ணிட்டு குஷாலா போயிட்டீங்க."

திட்டு வாங்கின முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீர் நண்டுகளில் நான்கு என்னுடையவை. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் யோசித்தேன். அவள் காசு கொடுத்தது சதைக்கு. நான் கொடுத்தது ஓடு. இன்றைக்கு அவளுக்கு வேறு வழியில்லை, என்னிடம் வாங்கினாள். வேறு வழி ஒன்று கிடைக்கிற நாளில் என் கூடையை ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறாள்? இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் புத்தியில் நானே கண்டது.

அடுத்த பௌர்ணமிக்கு மடவை மீனை மட்டும் கூடையில் போட்டுக்கொண்டு போனேன்.

"நண்டு எங்கப்பா?"

"இன்னிக்கு நண்டு வேணாம்க்கா. சதை இருக்காது. மடவ வாங்கிக்கோ, முட்டையோட கீது."

அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விக்க வந்தவனே வேணாம்ன்றியே, உனக்கு இன்னா, வெயில் ஏறிடுச்சா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மச்சான், அதாவது என் பெண்சாதியின் அண்ணன், கூடை நிறையப் பௌர்ணமி நண்டு வைத்திருந்தான். அவன் என் தொடையில் கிள்ளினான். "நீ வித்தா வில்லு, விக்காட்டி போ. என் சோத்துல ஏன்டா மண்ண போடுற?"

அன்றைக்கு அவள் மடவையை வாங்கினாள். ஐந்தாறு மாதம் இப்படியே நடந்தது. அதற்குள் ஒரு மாற்றம் வந்தது. அமாவாசை நாட்களில் அவள் நேராக என் கூடைக்கு வந்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போனாள். என்றாலும் அந்தக் கட்டைவிரல் ஓயவில்லை. என் நண்டையும் ஒன்று விடாமல் அழுத்தித்தான் எடுப்பாள்.

அப்போது கோட்டையில் ஒரு கல்யாணம் வந்தது. துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற துரையின் மகளுக்கு. நம்மைப் போல அவர்கள் திதி, நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இல்லை. கப்பல் வருகிற நாளைப் பார்த்து அவர்கள் குறித்த தேதி நேராகப் பௌர்ணமியில் வந்து விழுந்தது. மாப்பிள்ளைக்கு நண்டு என்றால் உயிராம்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நூறு நண்டு வேணும். எல்லாம் சதையோட வேணும். பௌர்ணமின்னு நீயே சொல்லுவே, தெரியும். அதனாலதான் உன்ன கூப்பிட்டேன். முடியுமா முடியாதா?"

முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அப்படிப்பட்டதில்லை. "முடியும்க்கா. என்னால முடியாதுன்னா இந்த ஏரில எவனால முடியும்?"

"நல்லா யோசிச்சிக்கோ. இதுல தப்பாச்சுன்னா அப்புறம் இந்த வாசப்படி உனக்கு கிடையாது. எனக்கும் இருக்காது."

வழி ஒன்று என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அமாவாசையில் நூறு நண்டு பிடிக்க வேண்டியது. அதைப் பௌர்ணமிவரை பதினைந்து நாள் உயிரோடு வைத்து, தீனி போட்டுக் கொழுகொழுவென்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. நண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆளுக்கு ஒரு வீடு வேண்டும். குயவரிடம் போய் சூளையில் விரிசல் விட்ட பானைகளாகப் பார்த்து நூறு வாங்கினேன். தண்ணீர் போய்வர ஒவ்வொன்றின் கழுத்திலும் நான்கு ஓட்டை போட்டேன். பசியாவரம் தீவுக்கு எதிரில், இடுப்பளவு ஆழத்தில், சேற்றில் கழுத்துவரை புதைத்து, பானைக்கு ஒரு நண்டு விட்டு, வாயைப் பழைய வலைத்துண்டால் கட்டினேன். அதற்கு முன் இந்த ஏரியில் ஒருவனும் இதைச் செய்ததில்லை.

குப்பமே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. மச்சான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டான். "ஊட்ல ஒழுவுற கூரைய மாத்த வக்கில்ல, நண்டுக்கு நூறு ஊடு கட்றான் பாரு! கிரகப்பிரவேசம் எப்போ மச்சான்?"

"நீ வா மச்சான், உனக்கும் ஒரு பானை காலியா கீது!"

ஒவ்வொரு நாள் காலையிலும் போய் ஒவ்வொரு பானையிலும் பொடிமீன் போட்டேன். மறுநாள் பார்த்தால் மீன் இருக்காது. எனக்கு ஏக சந்தோஷம். இந்த வேகத்தில் தின்றால் கல்யாணத்தன்று கூடையைத் தூக்க நான்கு ஆள் வேண்டும் என்று குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

எட்டாம் நாள் என் பெண்சாதி பார்க்க வந்தாள். இருபது வருஷம் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவள். ஒரு மீனைக் கையில் தூக்கினாலே எடை சொல்வாள். ஒரு பானைக்குள் கைவிட்டு நண்டை எடுத்தாள். புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு பானை. இன்னொன்று.

"யோவ், இது இன்னாயா? காத்தாட்டம் கீது?"

"போமே. தெனம் மூக்கு முட்ட துன்னுது."

"எது துன்னுது? கைய கட்டி வச்சிக்கீறியே, எப்டியா துன்னும்?"

அப்போதுதான் அவள் கையில் இருந்த நண்டை நான் பார்த்தேன். இரண்டு கொடுக்கும் நாரில் இறுகக் கட்டியிருந்தது. நூறு நண்டுக்கும் அப்படித்தான். நண்டு வலையில் வந்த உடனே கொடுக்கைச் சேர்த்து நாரால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவது எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நினைத்துச் செய்கிற வேலை இல்லை. எட்டு வயதிலிருந்து என் விரல் தானாகச் செய்கிறது. அன்றைக்கும் தானாகவே கட்டியது, நானும் அப்படியே பானைக்குள் விட்டேன். கொடுக்குதான் நண்டுக்குக் கை. கையைக் கட்டிப்போட்டு எதிரில் சோறு வைத்திருக்கிறேன். நான் போட்ட பொடிமீனை ஓட்டை வழியாக வந்த கெளுத்திக் குஞ்சுகள் தின்றிருக்கின்றன. எட்டு நாள்! மெனக்கெட்டு நானே அமாவாசை நண்டைப் பௌர்ணமி நண்டாக மாற்றியிருக்கிறேன்.

என் பெண்சாதி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எத்தினி நாள் கீது?" என்றாள்.

"ஏழு."

"அப்ப அவுரு. பாத்துக்கினு நின்னா ஆச்சா?"

தண்ணீரில் நின்றபடி இருவரும் நூறு முடிச்சையும் அவிழ்த்தோம். கட்டின நண்டைக் கையாள்வது ஒன்று, பசியில் இருக்கிற நண்டை அவிழ்த்து விடுவது வேறு ஒன்று. ஒரு முரட்டு நண்டு என் வலது கட்டைவிரலைப் பிடித்து நகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றுவரை அந்த நகம் கோணலாகத்தான் வளர்கிறது. பானை ஓட்டைகளின் மேல் பொடிக்கண் வலையை வைத்துக் கட்டினோம், குஞ்சு நுழையாதபடி. அவள் மட்டிச் சிப்பிகளைக் கல்லால் நசுக்கி நசுக்கிக் கொடுத்தாள். அந்த ஏழு நாளும் நான் குப்பத்தில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் எல்லாவற்றையும் கரையில் எடுத்துப் போட்டு, அக்கா அழுத்துகிற மாதிரியே ஒவ்வொன்றையும் அழுத்தினேன். நகம் போன விரலால் அழுத்தினேன், வலி தெரியத் தெரிய. பதினொன்று செத்துப்போயிருந்தது. நாற்பத்தாறு கல் மாதிரி நின்றது. மிச்சம் நாற்பத்து மூன்று அமுங்கியது.

மச்சான் வந்து குந்தினான். கிண்டல் பண்ணத்தான் வந்தான், என் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டான். நிஜமான அக்கறையோடுதான் சொன்னான். "இத பாரு மச்சான். அமுங்கறத அடியில போடு. செத்ததுக்கு பதிலா பதினொன்ன நான் தரேன். நேத்து புடிச்சது, பெருசு பெருசா கீது. கல்யாண ஊட்ல மசாலாவ போட்டு கொதிக்க வச்சா எந்த நண்டு யார் நண்டுன்னு எவனுக்கு தெரியும்? நூறு சொன்னே, நூறு குடு. வாசப்படி நிக்கும்."

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நாற்பத்தாறைக் கொண்டுபோனால் அந்த வாசல் நிச்சயம் போகும். நூறைக் கொண்டுபோனால் ஒருவேளை நிற்கும். ஆனால் தட்டில் ஓட்டை உடைக்கப்போகிறவன் மாப்பிள்ளை. தண்ணீர் வந்தால் திட்டு விழப்போவது எனக்கு இல்லை, அக்காவுக்கு. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தாயிற்று.

"பதினொன்னயும் குடு மச்சான்," என்றேன். "ஆனா அடியில வைக்க இல்ல. கணக்காவது நூறு இருக்கட்டும்."

கல்யாணத்தன்று விடிந்ததும் இரண்டு கூடையோடு குசினி வாசலில் போய் நின்றேன். உள்ளே ரொட்டி வாசனையும் புகையுமாக இருந்தது. அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"இந்தக் கூடையில நாப்பத்தாறுக்கா. சதை. அந்தக் கூடையில அம்பத்து நாலு. அது வெறும் ஓடு. அதுக்கு நீ ஒரு காசும் குடுக்க வேணாம்."

"நூறுன்னியேடா! ஏரியில எவனால முடியும்னியே!"

"சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்." கொடுக்கைக் கட்டினதை, தீனி போட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் காது எரிந்தது. என் வாழ்க்கையில் நான் ஒருவரிடமும் இப்படி நின்று சொன்னதில்லை.

"நாப்பத்தாற வச்சிக்கினு நான் எத்தினி தட்டுக்கு வப்பேன்? பாதிப் பேருக்கு வச்சு பாதிப் பேர் மூஞ்ச பாக்கறதா?"

"அக்கா, ஒண்ணு பண்ணு. இதுல ஒண்ணு எடு, அதுல ஒண்ணு எடு. உடச்சி, நான் சொன்னது நெசமான்னு பாரு."

கோபத்தில் அவள் அம்மிக் குழவியை எடுத்து, இரண்டையும் புரட்டி, அடிப்பக்கத்தில் ஒரே போடாகப் போட்டாள். வெறும் ஓட்டிலிருந்து தண்ணீர் வழிந்து கல்லில் ஓடியது. மற்றதில் ஓட்டை நெட்டித் தள்ளுகிற மாதிரி வெள்ளை வெளேரென்று சதை. ஒரு உள்ளங்கை நிறைய வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த வெறும் ஓட்டை எடுத்தாள். தண்ணீரை உதறினாள். கையில் இருந்த சதையை அதற்குள் வைத்துப் பார்த்தாள். ஓடு நிரம்பி, உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ரொட்டிய உதுத்துப் போட்டா..." என்றாள் தனக்குள்.

சதையை ஓட்டில் அடைத்து வேகவைக்கிற யோசனை என்னுடையது என்று பல வருஷம் ஊரில் சொல்லி வந்திருக்கிறேன். பலர் நம்பியும் இருக்கிறார்கள். எழுதி வைக்கும்போது பொய் எழுத மனசு வரவில்லை. யோசனை அவளுடையது. ஐம்பத்து நாலு ஓட்டைத் தேய்த்துக் கழுவினது நான்.

நாற்பத்தாறு நண்டையும் அவித்து, ஆறு பெண்கள் உட்கார்ந்து சதை பிரித்தார்கள். ரொட்டித் தூள், வெண்ணெய், மிளகு, கப்பலில் வந்த ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. எல்லாம் கலந்து நூறு ஓட்டிலும் கூம்பாக அடைத்து, அடுப்பில் வைத்து மேலே சிவக்கவிட்டாள். நான் கழுவின ஓட்டோடு அங்கேயே ஒரு மூலையில் குந்திக்கொண்டு பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒன்று, முழு நண்டு மாதிரியே தட்டில் உட்கார்ந்து உள்ளே போனது. கொடுக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், பட்டுச் சட்டையில் சாறு தெறிக்காது. கரண்டியால் எடுத்துத் தின்னலாம். தட்டுகள் திரும்பி வந்தபோது அக்கா ஒவ்வொரு ஓட்டையும் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் வழித்து எடுத்திருந்தது. மாப்பிள்ளை இரண்டாவது கேட்டாராம். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சாயங்காலம் நான் காலிக் கூடைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாற்பத்தாறு நண்டுக்கு உரியதைக் கொடுத்தாள். வாசப்படியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் போவதா வேண்டாமா என்று யோசித்து, மடவையை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன். அக்கா வெளியே வந்தாள். எல்லோரையும் தாண்டி என்னிடம் வந்தாள்.

"அந்தப் பானையெல்லாம் இருக்குதா, உடச்சிட்டியா?"

"இருக்குதுக்கா."

"இருக்கட்டும். அடுத்த பௌர்ணமிக்கு முப்பது வேணும். கைய கட்டாத!"

மச்சான் சத்தமாகச் சிரித்தான். எனக்குக் கோபமே வரவில்லை.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. நூறு பானை முந்நூறானது. கோட்டையைப் பார்த்துக் கப்பல் தலைவர்கள் வாங்க வந்தார்கள், அவர்களைப் பார்த்து ஊருக்குள் துணி வியாபாரிகளின் வீடுகளிலிருந்தும் வந்தார்கள். பௌர்ணமியில் சதையுள்ள நண்டு வேண்டுமானால் இந்தக் கரையில் என் ஒருவனிடம்தான். மச்சானே கடைசியில் என் பானைகளுக்கு நண்டு பிடித்துக் கொடுத்தான். இன்றைக்கும் கிண்டல் மட்டும் விடவில்லை. மூன்று படகும் சுண்ணாம்புச் சுவரும் அந்தப் பானைகளில் வளர்ந்தவை.

அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது வேறு. கல்யாணத்துக்குப் பிறகு வந்த பௌர்ணமிக்கு முப்பது நண்டையும் கொண்டுபோய் அக்கா எதிரில் வைத்தேன். பழக்கத்தில், மேலே இருந்த நண்டை நானே புரட்டி, அடிப்பக்கம் தெரிகிற மாதிரி அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை. கூடையை அப்படியே உள்ளே எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, அடுத்தவன் கூடைக்கு நகர்ந்து, அவன் நண்டில் கட்டைவிரலை வைத்தாள்.

அவள் குசினியில் இருந்த கடைசி நாள்வரை என் நண்டை ஒரு தடவைகூட அழுத்தினதில்லை. அதனால் எனக்கு வேலை கூடிப்போயிற்று. கரையிலேயே ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்துகிறேன், இந்தக் கோணல் நகத்தோடு. இன்று காலையிலும் அமுங்கின ஒன்பது நண்டைத் திரும்ப ஏரியில் விட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.